இரும்பு எருமையின் காலில் வலை

வலதுகால் பெருவிரலில் வலைக்கண்ணை மாட்டி இழுத்துப் பிடித்து, ஊசியைப் பல்லில் கடித்தபடியேதான் அபூசாலி உலகத்தை ஏசுவார். கல்முனைக் கடற்கரையில் கிழிந்த வலை பொத்துவது அவர் தொழில். வலையைக் கொண்டுவருகிறவனுக்கு முதலில் ஏச்சு, பிறகுதான் நூல். அந்த ஏச்சுக்கு மீனும் தப்பாது. "புடிபட வந்த மீனுக்கு இவ்வளவு துள்ளல் என்னத்துக்கு?" என்பார்.

ஐம்பத்தெட்டுக் கலவரத்தின்போது அவசரகாலச் சட்டத்தோடு பட்டாளத்துக் கவச வண்டியொன்றும் கரைக்கு வந்தது. காலையில் ஈரமணலில் வடக்கே போகும், பிறகு தெற்கே வரும். கரையில் நின்று இழுக்கும் கரைவலையின் இழுகயிறுகள் அந்த ஈரமணலைக் கடந்துதான் வந்தாக வேண்டும் என்பது பாவம், அந்த இரும்புக்குத் தெரியாது. ஒருநாள் கயிற்றின்மேல் ஏறி அறுத்துவிட்டது. வலையின் மடிப்பை நிறைந்த கீரிமீன் கடலோடு போயிற்று. ஊரடங்கில் ஏற்கெனவே உலை ஏறாத வீடுகள். கூடையோடு நின்ற பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். இன்னொரு தடவை அறுந்தால் ஊர் பட்டினிதான்.

கைகாட்டிக் கத்திப் பார்த்தார்கள். இரும்புக்குள் இருப்பவனுக்குக் காது ஏது?

"குழி வெட்டுவம் காக்கா," என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னார் கரைவலைக்குச் சொந்தக்காரர் கதிர்காமத்தம்பி.

"குழியக் கண்டா சுட்டுப்போடுவான். உங்கட மண்டைக்குள்ள மூளையா, மாசிக்கருவாட்டுத் துண்டா?" என்று அபூசாலி சீறினார். "இரும்ப உடைக்கப் போறவன் மடயன். எருமைய எப்படி நிப்பாட்டுற? காலக் கட்டுற. இதுக்கும் கால் இரிக்கிதானே!"

மனைவி நஸீறா குறுக்கே வந்தாள். "வாய வெச்சிட்டுச் சும்மா இரிங்க. உங்களப் புடிச்சிட்டுப் போனா எங்கள ஆரு பாக்குற?"

"புடிச்சா அங்கயும் வலை பொத்துவன் புள்ள."

மறுபடியும் கீரி கூட்டமாகக் கரையை அண்டிய காலையில் கரைவலை வளைத்தார்கள். வண்டி வரும் தடத்தில் அபூசாலி ஒரு பழைய வலையைக் காயப்போட்டார். கடற்கரையில் வலை காயக்கூடாதென்று எந்தச் சட்டமும் இல்லை. வண்டி ஏறியது. சில்லு சுழலச் சுழல வலையும் சுழன்று அச்சில் இறுகியது. இழுகயிற்றுக்கு இப்பாலேயே முக்கி முனகி நின்றுவிட்டது வண்டி. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

இறங்கிய அதிகாரி வலையை அறுக்கக் கத்தியை உருவினார். அபூசாலி நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓடினார்.

"வெட்டாதீங்க தொரே! என்ட வவுத்துலதான் வெட்டுறீங்க! நான் அவுத்துத் தாறன்!"

அதிகாரிக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம். "கெதியா! கெதியா!" என்று அவசரப்படுத்தினார்.

வலைச்சிக்கை வெட்டாமல் அவிழ்ப்பதுதான் இந்தக் கரையின் வழக்கம். ஆனால் இத்தனை பொறுமையாக யாரும் அவிழ்த்ததில்லை. வண்டிக்கடியில் மல்லாந்து கிடந்து, ஒவ்வொரு முடிச்சையும் தடவி, அதன் தாய் தகப்பனை ஏசி, பிறகே அவிழ்த்தார். வண்டிக்கு அந்தப் பக்கம் கரைவலை ஆட்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கயிற்றை இழுத்தார்கள்.

வெயில் ஏறிவிட்டது. அதிகாரி குனிந்து, "முடிஞ்சுதா?" என்றார்.

சில்லுகளுக்கு நடுவால் அபூசாலி கடலைப் பார்த்தார். மடி இன்னும் அலைக்கு அப்பால் கிடந்தது. கையில் கடைசி முடிச்சு அவிழ்ந்திருந்தது.

"இந்தா முடியுது தொரே," என்றவர், அதைத் திரும்பவும் போட்டு, பல்லால் இழுத்து இறுக்கினார்.