ஓரகத்தி கொண்டுவந்த சூப்

நெகோதின் ஊரின் பேருந்து நிலையத்தில் ஸ்தமென்காவிடம் டிக்கெட் வாங்கியவர்கள் அவளை மறப்பதில்லை. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு "எங்கே?" என்பாள். ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டு, திரும்பி வரும் வண்டி எப்போது என்று கேட்டால், "சுவத்துல எழுதியிருக்கு, கண்ணு இருக்குல்ல?" என்பாள். சுவரில் இருப்பது போன வருஷத்து நேரம் என்பது அவளுக்கும் தெரியும்.

அந்த இலையுதிர் காலத்தில் அவள் வாய் இன்னும் கெட்டுப்போனது. இடது மார்பில் ஒரு கட்டி. மாவட்ட ஆஸ்பத்திரியில் தடித்த ஊசியால் குத்திச் சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வர இரண்டு வாரம், கூடவும் ஆகலாம் என்றார்கள். குத்திய இடம் முதலில் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது, பிறகு ஓரமெல்லாம் மஞ்சளானது. உள்ளாடை உரசினால் உயிர் போகும். கணவன் திகோமிரின் பழைய பனியனைப் போட்டு, அதன்மேல் சீருடைக் கோட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

வலியைவிடக் கைதான் தொல்லை. கோட்டுக்குள் தானாகப் போய்த் தடவிப் பார்க்கும். காலையில் ஒரு தடவை மட்டும் என்று தனக்கே சட்டம் போட்டாள். முதல் வண்டி கிளம்புமுன் சட்டம் உடைந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற ஒரு கிழவர் அதைப் பார்த்துவிட்டு, "மார் வலியாம்மா?" என்று கேட்டார். "உங்களுக்கு டிக்கெட் வேணுமா, டாக்டர் வேணுமா?" என்றாள். அவர் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டார்.

காத்திருப்பவர்களோடு பழகியவர்களுக்குத் தெரியும், சும்மா உட்காரும் வேளைதான் ஆகாத வேளை. அது ஸ்தமென்காவுக்கும் யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது. வேலை முடிந்து வந்ததும் முற்றத்தில் விறகடுப்பை மூட்டுவாள். குளிர்காலத்துக்காக வாங்கிப் போட்ட சிவப்புக் குடைமிளகாய் மூட்டைகள் சுவரோரம் கிடந்தன. ஒவ்வொன்றாகச் சுட்டு, மூடிவைத்துப் புழுங்கவிட்டு, தோலை உரித்து, விதையைத் தட்டி எடுத்து, பிறகு அரைத்து வதக்கிப் போத்தலில் அடைப்பாள். விரல் நுனியெல்லாம் கருகிய தோல் ஒட்டியிருக்கும்போது கை கோட்டுக்குள் போகாது. அதுதான் அவள் கண்டுபிடித்த மருந்து.

அந்த அடுப்புக்கு இன்னொரு சொந்தக்காரி உண்டு. மேல்மாடியில் ஸ்தமென்காவும் திகோமிரும். கீழே திகோமிரின் செத்துப்போன அண்ணனுடைய மனைவி விதோசவா. முற்றம் ஒன்று, அடுப்பு ஒன்று, ஓரகத்திகள் இரண்டு பேர். வருஷா வருஷம் மிளகாய் சுடும் காலத்தில் அந்த வீட்டுச் சண்டையைக் கேட்க அக்கம்பக்கத்தார் ஜன்னலைத் திறந்துவைப்பார்கள்.

"இன்னிக்கு என் முறைடி. உன் மூட்டைய நகர்த்து."

"உன் மிளகாய் அழுகட்டும், எனக்கென்ன? நான் முதல்ல மூட்டினேன்."

"வாயப் பாரு! பஸ் ஸ்டாண்டுல கத்தறது பத்தாதா?"

இப்படித்தான் முப்பது வருஷம். ஒரே ஒரு தடவை மட்டும் இரண்டு பேரும் ஒற்றுமையாக இருந்தார்கள். மாமியார் ஸ்லாத்தா வயிற்றுப் புற்றில் கிடந்தபோது. டாக்டர் மகன்களிடம் மட்டும் சொன்னார்; மகன்கள் மனைவிகளிடம் சொன்னார்கள்; ஸ்லாத்தாவிடம் எல்லோருமாகச் சேர்ந்து, வெறும் வயிற்றுப்புண் என்றார்கள். அந்தப் பக்கத்தில் அப்போது அப்படித்தான், இப்போதும் பெரும்பாலும் அப்படித்தான். நோயாளிக்குக் கடைசியில்தான் தெரியும், அதுவும் தெரிந்தால்தான். இரண்டு மருமகள்களும் நான்கு மாதம் முறை வைத்துத் துடைத்தார்கள், ஊட்டினார்கள், குரலை உயர்த்தாமல் பேசிக்கொண்டார்கள். ஒருநாள் கிழவி தலையணையிலிருந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்க ரெண்டு பேரும் எப்பலேர்ந்து சிநேகிதிங்க? அப்போ நான் முடிஞ்சேன்" என்றாள்.

அதனால்தான் சதை எடுத்துவிட்டு வந்த அன்றே ஸ்தமென்கா சாப்பாட்டு மேஜையில் கத்தியை வைத்துவிட்டுச் சொன்னாள்.

"திகோமிர், காதத் தொறந்து கேளு. முடிவை நான்தான் முதல்ல கேட்பேன். என் காதால. நீ ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடாது, எவனையும் கேட்கக்கூடாது. எங்கம்மாவுக்குப் பண்ணினத எனக்குப் பண்ணலாம்னு நினைச்சே, வீட்டை விட்டுப் போயிடுவேன்."

"எங்கம்மா அது" என்றான் திகோமிர்.

"துடைச்சது நான்."

அவன் வாக்குக் கொடுத்தான், அதைக் காப்பாற்றவும் செய்தான். ஆனால் கீழ்வீட்டுக்காரியிடம் யாரும் வாக்கு வாங்கவில்லை.

இரண்டாம் வாரத்தில் ஒரு சாயங்காலம் ஸ்தமென்கா அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தாள். அன்று விதோசவாவின் முறை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். சண்டை வேண்டும் என்றே மூட்டினாள். விதோசவா கதவைத் திறந்து வெளியே வந்தாள். கையில் மூடிபோட்ட பாத்திரம்.

"கோழி சூப் வச்சேன், கண்ணு. சூடா ரெண்டு கரண்டி குடி. அடுப்ப நீயே வச்சுக்கோ. எனக்கு என்ன அவசரம்?"

ஸ்தமென்காவின் கையிலிருந்த விறகு அப்படியே நின்றது. கண்ணு!

"என்ன சொன்னே?"

"சூப்புன்னேன்."

"அதுக்கு முன்னாடி."

விதோசவா பாத்திரத்தைத் திண்டின்மேல் வைத்துவிட்டு, "களைச்சுப் போயிருக்கே பாவம்" என்றாள்.

முதுகில் தண்ணீரைக் கொட்டியதுபோல் இருந்தது ஸ்தமென்காவுக்கு. இவளுக்குத் தெரிந்துவிட்டது. எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எனக்கு மட்டும் சூப்.

சோதித்துப் பார்த்தாள். "உன் சூப்பு எப்பவும் பாத்திரம் கழுவின தண்ணி மாதிரிதான் இருக்கும்" என்றாள். விதோசவா தலையை ஆட்டினாள். "உன் புருஷன் சீக்கிரம் போனதே இந்தச் சூப்பாலதான்" என்றாள். அது சொல்லக் கூடாத சொல். பக்கத்து வீட்டு ஜன்னலில் திரை அசைந்தது. விதோசவாவின் தாடை துடித்தது; ஆனாலும் விழுங்கிக்கொண்டாள்.

"நீ எது சொன்னாலும் எனக்குக் கோபமில்ல, கண்ணு."

ஸ்தமென்கா பாத்திரத்தைத் தூக்கி முற்றத்தில் கவிழ்த்தாள். நூடுல்ஸ் செங்கல் இடுக்கில் ஓடியது. கோழிக்கால் ஒன்று சாக்கடை மூடியில் போய் நின்றது.

"யாரு சொன்னா? சொல்லு! யாரக் கேட்டே?"

"யாரும் ஒண்ணும் சொல்லல..."

"ஸ்லாத்தா சாகும்போது நீ இப்படித்தான் கொஞ்சினே. பக்கத்துல நின்னவ நான். எங்கிட்டயே நடிக்கிறியா?"

விதோசவா அழ ஆரம்பித்தாள். அழுகையின் நடுவில் விஷயம் வந்தது. ஆஸ்பத்திரியில் சோதனை முடிவுகளை எடுத்துவைக்கும் இடத்தில் ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். விதோசவாவின் தோழி லியூபின்காவுக்கு அவள் மருமகள் வழிச் சொந்தம். விதோசவா லியூபின்காவை விட்டு அவளுக்குப் போன் போடச் சொன்னாள். வழக்கமாக எல்லோரும் செய்வதுதான். ஆனால் அந்தப் பெண், "நோயாளிகிட்ட மட்டும்தான் சொல்வாங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாளாம்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவு போதாதாடி? ஒண்ணுமில்லேன்னா ஒண்ணுமில்லேன்னு சொல்லியிருக்க மாட்டாளா? சொந்தக்காரி கேட்டும் சொல்லலேன்னா என்ன அர்த்தம்?"

மாடியிலிருந்து இறங்கிவந்த திகோமிர் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். ஸ்தமென்காவுக்கும் அதே அர்த்தம்தான் பட்டது. அந்த ஊரில் நல்ல செய்தியை யாரும் சட்டம் சொல்லி மறைப்பதில்லை.

அடுத்த நாள் காலை, வேலைக்கு ஆள் மாற்றிவிட்டு, முதல் வண்டியில் ஏறினாள். கூட யாரும் வரக்கூடாது என்று சொல்லியிருந்தாள். வண்டி கிளம்பும் நேரத்தில் விதோசவா மூச்சிரைக்க ஏறி, மூன்று வரிசை தள்ளி உட்கார்ந்து, ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் முடிவுகளுக்கான சிறு ஜன்னலில் அந்தப் பெண் இருந்தாள். மூக்கு சிவந்து, சளி பிடித்திருந்தது. ஸ்தமென்கா அடையாள அட்டையைக் கண்ணாடிக்கடியில் தள்ளினாள்.

"லியூபின்கா போன் பண்ணினப்போ ஏன் சொல்லல?"

"யாருக்கும் சொல்ல மாட்டேன்மா. ஆஸ்பத்திரி விதி அப்படி. எங்கம்மா கேட்டாக்கூட சொல்ல மாட்டேன்."

"மோசமா இருந்ததாலதானே?"

அந்தப் பெண் மூக்கைச் சிந்திக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். "நான் உறைய பிரிக்கவே இல்லையே. இதோ, ஒட்டினபடி இருக்கு. டாக்டர்தான் பிரிப்பாங்க."

ஸ்தமென்காவுக்குச் சிரிப்பு வந்தது. முப்பது வருஷத்துச் சண்டையைக் கீழே போட்டு, ஒரு கோழியை அறுத்து, சூப் வைத்து, அழுது, எல்லாம் ஒட்டிய உறைக்காக! தனக்குத் தெரியாமலே உடம்பு லேசாகிவிட்டது. ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். டாக்டரின் அறைவரை அந்த நினைப்பு கூடவே வந்தது. நாற்காலியில் உட்காரும்போதும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

டாக்டர் ஐம்பது வயதுக்காரி, கண்ணுக்குக் கீழே கருவளையம். உறையைப் பிரித்தாள், படித்தாள், தாளைக் குப்புற வைத்தாள்.

"கூட யாரு வந்திருக்காங்க?"

"யாரும் இல்ல."

கதவு திறந்து விதோசவாவின் தலை தெரிந்தது. "நான் இருக்கேன் டாக்டர்."

"வெளியே போ!"

தலை மறைந்தது.

"உங்க வீட்டுக்காரர் ஒரு தடவை வந்தா நல்லது" என்றாள் டாக்டர். "அவர்கிட்டப் பேசிட்டு..."

"கட்டி அவருக்கா?"

"அப்படியில்லம்மா, சில பேரால தாங்க முடியாது..."

"தாங்கறேனா இல்லையான்னு கேட்டப்புறம் பார்த்துக்கலாம். மார்பு என்னோடது. தாளத் திருப்புங்க."

டாக்டருக்குக் கோபம் வந்தது. அது முகத்தில் தெரிந்தது. ஸ்தமென்காவுக்கு அது பிடித்திருந்தது. கோபத்தில் சொல்லும் சொல்லில் பொய் கம்மி.

"சரி. புற்றுதான். சின்னது. அக்குள்ல ஒண்ணும் தட்டுப்படல. மருந்துக்குக் கட்டுப்படற வகை. டாக்டர்கள் குழு உட்கார்ந்து முடிவு பண்ணும். அறுவை, அப்புறம் கதிர்வீச்சு. முழுசா எடுக்க வேண்டியிருக்காதுன்னு நினைக்கிறேன், ஆனா சத்தியம் பண்ண மாட்டேன். போதுமா?"

"போதல. எப்போ? கை தூக்க முடியுமா? நான் நாள் பூரா ஜன்னல்கிட்ட உட்கார்ந்து வேலை பாக்கறவ."

டாக்டர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். ஸ்தமென்கா இரண்டு தடவை குறுக்கே பேசி, புரியாததைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். வெளியே வந்ததும் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"என்னடி?" என்றாள் விதோசவா.

"புற்று. சின்னது. வெட்டுவாங்க."

விதோசவா சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, அழப்போவதுபோல் உதட்டைப் பிதுக்கினாள்.

"இங்கே அழுதே, உன்ன விட்டுட்டுப் போயிடுவேன்."

திரும்பும் வண்டி சந்தை நாள் கூட்டத்தில் நிறைந்திருந்தது. பாதிப்பேர் நெகோதின்காரர்கள், எல்லோருக்கும் ஸ்தமென்காவைத் தெரியும். இந்தத் தடவை விதோசவா பக்கத்திலேயே உட்கார்ந்தாள். ஊர் எல்லையைத் தாண்டியதும் காதோரம் குனிந்தாள்.

"திகோமிருக்கு நீர்க்கட்டின்னு சொல்லிடலாம். அவனுக்கு இதயம் பலவீனம். அறுவை முடியட்டும், அப்புறம் மெதுவா..."

ஸ்தமென்கா அவளைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தில் சூது எதுவும் இல்லை. மனமார்ந்த அக்கறைதான் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. வண்டி போய்ச் சேர்வதற்குள் இவள் ஒரு வழி பண்ணிவிடுவாள். நாளைக்குத் திகோமிரிடம் ஒரு கதை, லியூபின்காவிடம் ஒரு கதை. அடுத்த வாரம் டாக்டர் வேறு ஏதாவது சொன்னால் தனக்கும் ஒரு கதை.

போனை எடுத்தாள். பஸ் ஸ்டாண்டில் கூட்டத்தைப் பார்த்துக் கத்தும் அதே குரலில் பேசினாள்.

"திகோமிர்? நான்தான். மார்புல புற்று. கேக்குதா? புற்று! சின்னது. அறுவை பண்ணுவாங்க. எவ வந்து நீர்க்கட்டின்னு சொன்னாலும் நம்பாத."

ஓட்டுநர் பாட்டை நிறுத்தினான். விதோசவா அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"மானத்த வாங்கறியே! ஊரே கேக்குது!"

"கேக்கட்டும். ஊருக்கே தெரிஞ்சத எங்கிட்ட எவளும் மறைக்க முடியாது."

முன் வரிசையில் ஒரு கிழவர் எழுந்து, "இப்படி முன்னாடி வந்து உட்காரும்மா" என்றார்.

"நான் உட்கார்ந்துதான் இருக்கேன். நீங்க உட்காருங்க, வண்டி திரும்பினா விழுந்து வைப்பீங்க."

போனில் திகோமிரின் குரல் உடைந்து வந்தது. "வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கலாமே."

"வர்றதுக்குள்ள உனக்குப் பொய் வந்து சேர்ந்துடும். பக்கத்துலயே உக்காந்திருக்கா."

விதோசவா போனைப் பிடுங்கினாள். "திகோமிர், உன் பொண்டாட்டிக்கு அறிவே இல்ல! அந்த ஆஸ்பத்திரில அவகூட நான்தான் இருக்கப்போறேன், இப்பவே சொல்லிட்டேன்."

"நீ வேண்டாம்" என்றாள் ஸ்தமென்கா. "நீ வந்தா நர்சுகிட்டயே பொய் சொல்லுவே."

"உன் வாயோட தனியா விட்டா அவங்க உன்ன ஜன்னல் வழியா வெளிய எறிவாங்கடி, கழுதை!"

ஸ்தமென்கா போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "சரி, வந்து தொலை. ஆனா டாக்டர் பேசறப்போ வாயத் தொறந்தே, தையல் பிரிஞ்சாலும் பரவாயில்லேன்னு எழுந்து வந்து அறைவேன்."