நகராத அலை

கோட்டுச்சேரிப் பக்கம் கொல்லையில் வாழை இல்லாத வீடு ஒன்றுதான் இருந்தது. அது நீலாயதாட்சியின் வீடு. கல்யாண வீட்டு வாசலில் வாழைமரம் கட்டியிருந்தால் பின்பக்கமாகத்தான் உள்ளே போவாள். கொழுப்பு என்று ஊர் பேசியது. பேசுகிறவர்களுக்கு என்ன, வாய் வலிக்கவா போகிறது.

எழுபத்தேழாம் வருஷத்து வெள்ளத்தில் ஆறு கரை முட்ட ஓடியது. ஆற்றின் குறுக்கே இருந்த கதவணையின் பலகைகளை முழுதாகத் தூக்கினால் கீழே நீலாயதாட்சியின் ஊர்ச் சம்பாப் பயிர் மூழ்கும். தூக்காவிட்டால் மேலண்டை ஊர்க்காரர்களின் பயிர் மூழ்கும். அவர்கள் கடப்பாரையோடு வந்தார்கள். நீலாயதாட்சியின் புருஷன் சுப்பையன் கதவணைப் பாலத்தில் குறுக்கே நின்றான். மண்டைகள் உடைந்தன. ஒருவனுக்குக் கை முறிந்து தொங்கியது. மேலண்டை ஊர்க் கருப்பையன் வீசிய கடப்பாரை சுப்பையனின் தோளைப் பிளக்க, அவன் கீழ்ப்பக்கத்துத் தண்ணீரில் விழுந்தான்.

அந்த இடம் பொல்லாதது. பலகைக்கு அடியில் சீறிப் பாயும் தண்ணீர் கொஞ்ச தூரத்தில் ஆளுயரம் எழும்பி, மேலாகப் பலகைப் பக்கமே திரும்பி விழும். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், அலை மட்டும் இருந்த இடத்தை விட்டு நகராது. படித்தவர்கள் நிலை அலை என்பார்கள். சுப்பையன் ஒற்றைக் கையால் நீந்தி வர வர, அது அவனைப் பின்னுக்கு இழுத்துப் பலகையில் மோதியது.

தத்தளிப்பவனுக்கு வாழைமரத்தை வெட்டிப் போடுவது அந்தப் பக்கத்து வழக்கம். பிள்ளைகள் நீந்தப் பழகுவதே அதைப் பிடித்துத்தான். நீலாயதாட்சி கரையில் நின்ற வாழையைத் தானே வெட்டித் தள்ளினாள். அவன் பிடித்துக்கொண்டான். பிழைத்தான் என்றே நினைத்தாள். ஆனால் மரமும் அங்கிருந்து நகரவில்லை. அலை அதைச் சுழற்றி, செங்குத்தாகத் தூக்கி, அவன் தலையில் இறக்கியது. மறுபடியும் இறக்கியது. தண்ணீர் சிவந்தது. உடம்பு துவண்டு அடியில் போன பிறகுதான் அவன் ஆற்றுத் திருப்பத்தில் மிதந்தான். மரமோ வெள்ளம் வடியும்வரை அங்கேயே உருண்டது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

கருப்பையன் ஜெயிலுக்குப் போனான். கொன்றவன் அவன்தான் என்று ஊர் சொன்னது. அவளும் வயிறெரிய அதையேதான் சொன்னாள்.

அவன் விடுதலையாகி வந்தபின் ஒரு மழைக்காலம். பலகையில் அடைத்த ஆகாயத்தாமரையைத் தள்ளப் போய், அதே அலையில் அவனே விழுந்தான். அவன் ஊர் ஆட்கள் வாழைமரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். கரையில் புல்லறுத்துக்கொண்டிருந்த நீலாயதாட்சி அரிவாளோடு குறுக்கே பாய்ந்தாள்.

"மரத்தப் போட்டீங்க, கைய வெட்டிப்புடுவேன்."

கருப்பையனின் மனைவி பூவாயி அவள் காலில் விழுந்தாள். "பழி தீக்காதக்கா. எனக்குப் புள்ள குட்டி இருக்கு."

ஒருவன் மீறி வந்தான். அவன் முன்கையில் அரிவாள் இறங்கியது. மரம் கரையிலேயே விழுந்தது.

நீலாயதாட்சி ஆற்றைப் பார்த்துக் கத்தினாள். "கருப்பையா, நீந்தாதடா. மூச்சப் புடிச்சுக்கிட்டு அடியில முங்கு. அடித்தண்ணிதான் வெளிய போவுது."

அவன் அவளையும் அரிவாளையும் பார்த்தான். அதற்குமேல் நீந்தத் தெம்பில்லை. முங்கினான். திருப்பத்தில் இருமிக்கொண்டே தலை தூக்கினான்.

பூவாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நீலாயதாட்சி கையை உதறிவிட்டு, கிடந்த வாழைமரத்தின் மேலேயே உட்கார்ந்தாள்.

"எங்க வூட்டுக்காரரும் முங்கியிருந்தா பொழச்சிருப்பாரு" என்றாள். "நான்தான் மரத்தக் குடுத்து மேலேயே வச்சிருந்தேன்."