சண்டை போட ஓர் இடம்

கேளம்பாக்கத்தில் எங்கள் ஃபிளாட் சிறியது. ஓர் அறையில் நானும் கணவரும் மகளும், மற்றதில் மாமனார். மாமியார் இறந்த பிறகு, செங்கல்பட்டு வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு பையோடு அவர் எங்களிடம் வந்து சேர்ந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேச மாட்டார். காபி நன்றாக இருந்தாலும் சுமாராக இருந்தாலும் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைப்பார்.

எனக்கும் கணவருக்கும் சிறுசேரியில் வேலை, வேறு வேறு அலுவலகம். மாலையில் வீட்டுக்குள் நுழைந்ததும் ஏதாவது ஒன்று ஆரம்பிக்கும். மகளுக்குக் காய்ச்சல் என்றால் யார் லீவு போடுவது, பாத்திரம் ஏன் அப்படியே கிடக்கிறது, திண்டுக்கல்லில் என் அம்மாவைப் பார்க்க எப்போது போவது. குரல் கொஞ்சம் உயர்ந்தால் போதும், மாமனார் டிவியை அணைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிவிடுவார். எங்கள் சத்தம் அவருக்குப் பிடிக்கவில்லை என்றுதான் நினைத்தோம்.

ஒருநாள் நல்ல மழை. சண்டை ஓய்ந்த பிறகுதான் அவர் வீட்டில் இல்லை என்பது உறைத்தது. இருவரும் ஓடினோம். கீழே பார்க்கிங்கில் வண்டிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், தண்ணீரில் நனையாதபடி காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும், "முடிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டார்.

அன்றிலிருந்து வீட்டுக்குள் சண்டை போடுவதில்லை என்று முடிவு செய்தோம். சண்டை நிற்கவில்லை, வெளியே போனது. "காய் வாங்கிட்டு வரோம் மாமா" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் கிளம்புவோம். உப்பளங்களைத் தாண்டிக் கோவளம் போய், கடலோரச் சாலையில் தெற்கே திரும்புவோம். ஹெல்மெட்டுக்குள் ஒன்றும் காதில் விழாது. நான் கோபமாக ஒன்று சொல்ல, அவர் "இன்னா?" என்பார். மறுபடி சொல்வேன். மறுபடியும் "இன்னா?" மூன்றாம் முறை சொல்வதற்குள் அது சொல்லத் தேவையில்லாத விஷயமாகத் தெரியும். பல சண்டைகள் அப்படியே காற்றோடு போயின.

போகாத ஒன்று இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால், படகுகளை மேலே இழுத்துப் போட்டிருந்த ஒரு குப்பத்துக் கரையில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கேட்டேன்.

"மாமாவைக் கூட்டிட்டு வர்றதுக்கு முன்னாடி, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அவர் கடலைப் பார்த்தபடி நின்றார். "கேட்டா வேணான்னு சொல்லிடுவியோன்னு பயந்துட்டேன்."

"சொல்லியிருக்க மாட்டேன். ஆனா கேட்டிருக்கணும்."

"ஆமா," என்றார். "கேட்டிருக்கணும்."

அவ்வளவுதான். வேறு விளக்கம் சொல்லவில்லை, என்னைத் திருப்பிக் குற்றம் சாட்டவுமில்லை. மாதக்கணக்காக நான் கேட்காமல் வைத்திருந்த கேள்வி அது. அழுகை வந்தது. பக்கத்தில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "சங்கரா கீது, இப்பதான் வந்துது. வாங்கினு போறீங்களா? மீதிய வூட்ல போயி பேசிக்கலாம்," என்றார். எனக்குச் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது. வாங்கிக்கொண்டோம்.

வண்டியில் திரும்பும்போது இன்னொன்று தோன்றியது. என்னைக் கேட்கவில்லை, சரி. மாமாவை யாராவது கேட்டார்களா?

வீட்டுக்கு வந்ததும் மாமனார் மீனை வாங்கிக் கழுவ ஆரம்பித்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். "மாமா, எங்க கூட இருக்கறது உங்களுக்குப் பிடிச்சிருக்கா? வேற மாதிரி இருக்கணும்னு தோணுதா?"

கை நின்றது. "இத்த யாரும் என்னாண்ட கேக்கலமா. காரியம் முடிஞ்சுது, இவன் பைய கட்டுன்னான். கட்டிட்டேன்."

கணவர் கூடத்திலிருந்து எழுந்து வந்து சமையலறை வாசலில் நின்றார்.

"இங்க நல்லாதான் கீது. கொயந்த கீது. ஆனா எம்மா நேரம் டிவி பாக்கறது? அங்க செங்கல்பட்டுல ஏரியாண்ட நம்ம ஆளுங்க கீறாங்க. நடுவுல போயி வூட்டத் தொறந்து வெச்சிகினு ரெண்டு நாளு இருந்துட்டு வந்தா நல்லா இருக்கும்."

"நாங்க சத்தம் போடறதாலயா?" என்று கேட்டார் கணவர்.

"சேச்சே. நான் இருந்தா நீங்க பேச வேண்டியத முழுங்கிடுவீங்கன்னுதான் கீழ போனேன். எங்க காலத்துல வூடு நெறைய ஆளுங்க. நானும் உங்கம்மாவும் வாயத் தொறந்து பேசணும்னா ஸ்டேஷன் பிளாட்பாரத்துக்குத்தான் போவோம்."

எனக்கு அவர் மேல் அன்று வந்த பிரியம் இன்றுவரை குறையவில்லை.

அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் திருப்போரூர் வழியாக பஸ் பிடித்துச் செங்கல்பட்டு போகிறார். வீட்டைப் பெருக்கி, சிநேகிதர்களோடு ஏரிக்கரையில் உட்கார்ந்து அரசியல் பேசிவிட்டு, கொய்யாப்பழப் பையோடு திரும்பி வருகிறார். சில வாரங்கள் நாங்களும் போய் அவரோடு தங்குகிறோம். எங்களுக்குள் சண்டை இல்லாமல் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் எதையும் முடிவு செய்யும் முன் கணவர், "உன்னைக் கேக்கணும்" என்று தொடங்குகிறார். நானும் அப்படியே. மாமனாரிடமும் கேட்கிறோம்.

சென்ற கோடையில் என் அம்மாவுக்கு மூட்டு அறுவைச் சிகிச்சை. நான் திண்டுக்கல் போயாக வேண்டும். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. நான் வாய் திறக்கும் முன்பே மாமனார், "நீ போய் அம்மாவப் பாரு, கொயந்தைக்கு நான் கீறேன்," என்றார். தினமும் வீடியோ அழைப்பில் மகள், தாத்தா பின்னிவிட்ட தலையைத் திருப்பிக் காட்டுவாள். ஒரு பின்னல் மேலே, ஒன்று கீழே. ஊர் திரும்பிய மறுநாள் காலை நான் சீப்பை எடுத்தேன். "நீ வேணாம், தாத்தா போடட்டும்," என்று அவர் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். சீப்பை அவரிடம் கொடுத்துவிட்டு, காலையில் எப்போதும் ஆறிப்போகும் என் காபியை அன்று சுடச்சுடக் குடித்தேன்.