கன்ஃபார்மும் அட்ஜஸ்டும்

நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் நான் மேனேஜராகச் சேர்ந்த புதிது. இந்தத் தொழிலுக்கு வருபவர்கள் இரண்டு ஆங்கிலச் சொற்களைப் படித்துக்கொள்ள வேண்டும்: கன்ஃபார்ம், அட்ஜஸ்ட். அகராதியில் இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. மண்டபத்தில் ஒன்று வந்தால் பின்னாலேயே மற்றதும் வரும்.

பாப்பாரப்பட்டி விவசாயி மாதப்பன், மகள் கல்யாணத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டார். "கன்ஃபார்முங்க, மேனேஜர் சார்" என்றார். மறு வாரமே போன் செய்தார்.

"கொலசாமிகிட்ட பூப்போட்டுக் கேட்டமுங்க. செவப்பு வந்துருச்சு. அந்த நாளு வேண்டாமுங்க."

சரி என்று அதே நாளைத் தர்மபுரி பாத்திரக்கடை சலீம் பாய்க்குக் கொடுத்தேன். அவருக்கும் மகள் கல்யாணம். பத்திரிகையும் அடித்துவிட்டார். அப்போது மறுபடி மாதப்பன்.

"பங்காளிங்க இல்லாம கேட்டதுல சாமிக்குக் கோவமாமுங்க. எல்லாருமாப் போயிக் கேட்டோம், வெள்ளை வந்துருச்சு. அந்த நாளே கன்ஃபார்ம்! ஊரெல்லாம் சொல்லிட்டமுங்க."

ஓனரிடம் ஓடினேன். அவர் டீ டம்ளரைக் கீழே வைக்காமலே, "அட்ஜஸ்ட் பண்ணிவுடுப்பா. முடியலைன்னா வேற வேலை பாத்துக்க" என்றார். அவர் அகராதியில் அட்ஜஸ்ட் என்றால் 'உன் பாடு' என்று பொருள்.

இருவரையும் உட்கார வைத்து, காலில் விழாத குறையாகப் பேசினேன். சலீம் பாய்தான் முதலில் வாய் திறந்தார்.

"உங்க முகூர்த்தம் எப்பங்க?"

"விடியக்காலமே முடிஞ்சுருமுங்க பாய்" என்றார் மாதப்பன்.

"எங்க நிக்காஹ் பதினொண்ணுக்குத்தான். பத்துக்கு ஹாலை வுட்டுருங்க, போதும்."

கல்யாணத்தன்று மாதப்பன் வீட்டில் தாலி கட்டி, பந்தியும் முடிந்தது. மணி பத்து. ஒருவரும் எழவில்லை. பின்பக்கம் பாய் வீட்டார் பிரியாணிக்குத் தம் போட்டிருந்தார்கள்; வாசனை ஹாலுக்குள் வந்துவிட்டது. மாதப்பன் தன் சொந்தக்காரர்களைப் பார்த்துக் கத்தினார். "நம்ம கல்யாணம் முடிஞ்சுபோச்சு, வூட்டுக்கு நடங்கப்பா!"

ஒரு பெரியவர் அசையவில்லை. "ரெண்டு கல்யாணம்னுதான சொன்ன?"

வாசலில் சலீம் பாய் வீட்டு மாப்பிள்ளையின் கார் வந்து நின்றது. என் வேலை போயிற்று என்றே நினைத்தேன். சலீம் பாய் உள்ளே எட்டிப் பார்த்தார், சிரித்துவிட்டார்.

"கொஞ்சம் பின்னால தள்ளி உக்காருங்க மாமா. இன்னொரு தேக்சா பிரியாணி போட்டுக்கலாம்."

மாதப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பாய் வீட்டுப் பந்திக்குத் தண்ணீர் எடுக்கப் போனார்.

புதிதாக வருபவர்களுக்குச் சொல்கிறேன். கன்ஃபார்ம் என்பதை ஒரே ஆள் சொல்லிவிடலாம். அட்ஜஸ்ட் பண்ண இரண்டு பேர் வேண்டும். அன்றைக்கு அந்த இரண்டு பேரும் இருந்தார்கள். அதில் நான் இல்லை. பாராட்டு மட்டும் ஓனர் எனக்குச் சொன்னார்.