மாமாவின் கையைப் பார்க்கும் வேலை

ஒன்பது வயதில் எனக்கு வீட்டில் ஓர் உத்தியோகம் கிடைத்தது. நாங்கள் புலம்பெயர்ந்து வந்த ட்வெய்ட்டாவில் எங்களோடு இருந்த மாமா, அம்மாவின் தம்பி, ஈரல் பழுதானவர். ஒருகாலத்தில் நன்றாகக் குடித்தவர். அதை விட்டு அப்போது இரண்டு வருஷம். ஈரல் சுத்தம் செய்யாமல் விட்ட நஞ்சு மூளைக்கு ஏறாமலிருக்க, இனிப்பான பாணி மருந்து ஒன்று குடிப்பார். அது நாளுக்கு மூன்று தரம் அவரைக் கழிவறைக்கு ஓட வைக்கும். ஓடினால்தான் நஞ்சு போகும். தினமும் காலையில் பஸ்ஸை மறிப்பதுபோல் இரு கைகளையும் நீட்டிக் காட்டுவார். அவை படபடத்தால் நான் அம்மாவிடம் சொல்ல வேண்டும்.

அக்கா பெரியபிள்ளையானதற்குச் செய்யும் சாமத்திய வீடு வந்தது. தாய்மாமன் இல்லாமல் மேடையில் ஒன்றும் நடக்காது. மாமாவோ இரண்டு நாள் முன்பே பாணியை நிறுத்திவிட்டார்.

"மாலையோடை மேடையிலை நிக்கேக்கை ஓடேலுமே? அம்மாட்டைச் சொல்லிப்போடாதை." சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

விழாவன்று காலை அவர் கைகள் கோழிச் செட்டை மாதிரி அடித்தன. அம்மா கேட்டபோது, நல்லாயிருக்கு என்றேன். மாமாவை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

ஹொல்ம்லியா மண்டபத்தில் மாமா அக்காவை விட்டுவிட்டு வீடியோக்காரருக்கு மாலை போட்டார். சனம் சிரித்தது. பிறகு மேடையிலேயே குந்தியிருந்து தனியே கதைக்கத் தொடங்கினார்.

"பழையபடி துவங்கிட்டார் போலை," என்றார் ஓர் அன்ரி.

அம்மாவும் அப்படித்தான் நினைத்தார். "சனத்துக்கு முன்னாலை மானத்தை வாங்கிப்போட்டியேடா," என்று அழுதார். மாமா குடிக்கவில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். குடிவெறி முறியட்டும் என்று அவரைக் காருக்குள் கிடத்திவிட்டு விழாவை நடத்தினார்கள். சாப்பாட்டு நேரம் அப்பா போய் எழுப்பினார். எழும்பவில்லை. அம்புலன்ஸ் வந்தது.

இரத்தத்தில் மதுவே இல்லை என்றார்கள் ஆஸ்பத்திரியில். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

மூன்றாம் நாள் மாமா தெளிந்தார். "கை நல்லாயிருக்கெண்டு இவள் சொன்னவளே?" என்று அம்மா கேட்டார்.

"நான்தான் இறுக்கிப் பிடிச்சு ஏமாத்தினனான். பிள்ளையை ஏசாதை," என்றார் மாமா, என்னைப் பாராமலே.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குச் சந்தோஷம். ஏச்சும் விழவில்லை, மாமாவுக்குக் கொடுத்த வாக்கும் தப்பவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் காரிலேயே கிடந்திருந்தால் மாமா செத்திருப்பார் என்பது எனக்குத் தெரியாது. எனக்காக அந்தப் பொய்யைச் சொல்லும்போது மாமாவுக்கு அது தெரியும்.