மஞ்சள் போகாத மனுஷன்

தைப்பூசத்துக்கு என் வீட்டுக்காரர் வருஷாவருஷம் பால்குடம் எடுப்பார். விரதம் தொடங்கிட்டா மஞ்சத்தண்ணியில குளியல், இடுப்புல மஞ்சவேட்டி. அதனால இந்த வருஷம் அவர் உடம்பு மஞ்சளா இருந்ததை நாங்க யாருமே கண்டுக்கல. எந்நேரமும் சொறிஞ்சிக்கிட்டே இருந்தார். சித்தியவான்ல இருந்து வந்த என் நாத்தனாரும், மஞ்ச ஒத்துக்கலேன்னுதான் சொன்னாங்க.

பூசம் முடிஞ்சு வேட்டியைத் துவைச்சு மடிச்சு வச்சாச்சு. மனுஷனுக்கு மட்டும் மஞ்சள் போகல. கண்ணு மஞ்ச, மூத்திரம் பால் ஊத்தாத தே ஓ நிறத்துல. கேட்டுக் காவலுக்கு, ஜாகா வேலைக்குப் போகணும்னு அடம்பிடிச்சவரைத் திட்டி ஈப்போ பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனேன். அங்க பார்த்தவங்க எல்லாருக்கும் ஒரே கேள்விதான், தண்ணி போடுவாரா. ரப்பர் தோட்டத்துல பொறந்த தமிழனுக்குக் காமாலைன்னா வேற காரணமே இருக்கக் கூடாதா? ஒரு சொட்டு தொட்டதில்ல அவர்.

ஸ்கேன் எடுத்த பிறகு டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டார். கணையத்துப் பக்கம் ஏதோ ஒண்ணு பித்தக்குழாயை அழுத்துது, புத்துக்கட்டியா இருக்கலாம், வாய் வழியா குழாய் விட்டுப் பார்த்தாத்தான் தெரியும்னார். எங்க சனத்துல அந்த நோயின்னா நோயாளிகிட்ட வாய் திறக்க மாட்டோம். வீட்டுக்காரர்கிட்ட, பித்தக்குழாயில கல்லு அடைச்சிருக்குன்னு சொல்லிட்டேன். அவர் நிம்மதியா தூங்கினார். பாவி மனுஷன், குறட்டை வேற. எனக்குச் சோறு இறங்கல.

குழாய் விட்ட அன்னிக்கு வெளியே உக்காந்து கும்பிடாத சாமி இல்ல. டாக்டர் வந்தார். கட்டி இல்லையாம். சிறுகுடல்ல ஒரு இடம் பை மாதிரி வெளியே பிதுங்கி, அதுக்குள்ள சாப்பாடு போய் அடைச்சு, பக்கத்துல வர்ற பித்தக்குழாயை நெரிச்சிருக்கு. சுத்தம் பண்ணி, பித்தம் இறங்கச் சின்னக் குழாய் வச்சாச்சுன்னார். கட்டி இல்லதானேன்னு திரும்பத் திரும்பக் கேட்டேன்.

மயக்கம் தெளிஞ்சதும் அவர், கல்லை எடுத்துட்டாங்களான்னார். அதைக் கேட்டதும் எனக்கு எங்கிருந்துதான் வந்துச்சோ ஆத்திரம்.

"கல்லும் இல்ல, மண்ணும் இல்ல. புத்துன்னாங்க. இத்தனை நாளா உங்களை மனசுக்குள்ள பொணமாக் கெடத்திப் பாத்துட்டேங்க."

அவர் ஊசி குத்தின கையை நீட்டி என் கையைப் பிடிச்சார்.

"இத்தனை நாளும் தனியாவா பாத்தே?"ன்னார்.