புண் கட்டுகிறவனின் ஜெபம்

புண் கட்டுகிற வேலையில் ஒரு சௌகரியம் உண்டு: அதைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர் யாரும் கிடையாது. கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்தவர் "என்ன உத்தியோகம்?" என்று கேட்பார். "மிஷன் ஆஸ்பத்திரியில் டிரெசர், புண் கழுவிக் கட்டுகிறேன்" என்பேன். அவ்வளவுதான், தம் இலையை இரண்டு விரற்கடை தள்ளிப் போட்டுக்கொள்வார். என்னைப்போல வெந்நீரும் கார்பாலிக் வாடையுமாகக் காலம் தள்ளுகிற டிரெசர்களே, நர்ஸம்மாமாரே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் சாப்பாட்டை முடித்துவிட்டு மேலே வாசிப்பது நல்லது.

நான் வேலைக்குச் சேர்ந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில், மண்டைக்காட்டுக்கு வடக்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில். பெயர் வேண்டாம். பத்துக் கட்டில், ஒரு டாக்டர் ஐயா, ஏசுவடியான் என்கிற கம்பவுண்டர் அண்ணன், அப்புறம் நான். டாக்டர் ஐயா கத்தியை வைக்கும் முன்னால் டிரெசர் ஜெபம் பண்ணியாக வேண்டும் என்பது அங்கே சட்டம். நான் ஒரு ஜெபத்தை உருப்போட்டு வைத்திருந்தேன். வாய் அதைச் சொல்லும், மனசு கொழும்பில் இருக்கும். அங்கே என் அக்காள் மாப்பிள்ளை இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். புறப்பட்டு வா என்று எழுதியிருந்தார். ஒரு கிறிஸ்மஸ் கழிந்ததும் கப்பல் ஏறுவதா, இல்லை ஆயுள் முழுக்கச் சீழ் துடைப்பதா என்பதுதான் அப்போது என் கேள்வி. பதிலையும் ஏறக்குறைய முடிவு செய்திருந்தேன்.

முதல் கால்

சேர்ந்த முதல் நாளே வந்தவர் பொன்னையன் என்கிற பனையேறி. காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முழங்காலுக்குக் கீழே புகையிலையும் சுண்ணாம்பும் குழைத்து அப்பி, மேலே எருக்கிலை வைத்துக் கட்டியிருந்தது. இலையை எடுத்தேன். உள்ளே புண் அசைந்தது. புண் எங்கேயாவது அசையுமா என்று குனிந்து பார்த்தேன். புழு!

வாசலைத் தாண்டுவதற்குள், காலையில் சாப்பிட்ட மரச்சீனிக் கிழங்கு முழுவதும் வெளியே வந்துவிட்டது. வாயைக் கழுவிக்கொண்டு திரும்பினால், அவர் தம் காலை வேட்டி நுனியால் மூடிக்கொண்டு, குற்றம் செய்தவர் மாதிரி என்னைப் பார்க்கிறார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர்தான் என்னைத் தேற்றினார்: "மெள்ள செய்யி மக்கா, அவசரமில்ல. நான் மூணு மாசமா இதப் பாத்துக்கிட்டுதான் கஞ்சி குடிக்கேன்."

சீட்டைக் குடித்தவர்

எங்கள் ஆஸ்பத்திரிச் சீட்டில் ஒரு பக்கம் மருந்தின் பெயரும் மறுபக்கம் ஒரு வேத வசனமும் இருக்கும். அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டுவது என் வேலை. குலசேகரம் பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்கிற ஒருவர் குளிர்காய்ச்சலோடு வந்து, சீட்டும் ஒரு புட்டிக் கசப்பு மருந்தும் வாங்கிப் போனார். எட்டாம் நாள் நடந்தே வந்தார், நல்ல தெளிவாக. புட்டி மூடி திறக்காமல் அப்படியே இருந்தது. சீட்டைக் காணோம்.

"சீட்டு எங்கே?" என்றேன். ஏழு துண்டாகக் கிழித்து, நாளுக்கு ஒரு துண்டு வெந்நீரில் ஊறவைத்துக் குடித்துவிட்டாராம். ஏசுவடியான் அண்ணன் மருந்தறைக்குள் ஓடிப்போய்ச் சிரித்துவிட்டு வந்தார். காய்ச்சல் தானாக விட்டிருக்கும் என்று டாக்டர் ஐயா சொன்னார். அதே வசனம் போட்ட சீட்டு இன்னொன்று வேண்டும் என்று அந்த மனுஷன் பிடிவாதமாக நின்றார். எந்த வசனம் என்று கேட்டேன். அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆச்சரியத்தோடு என்னைத் திருப்பிக் கேட்டார்: "நீருதானே சாரே எடுத்துத் தந்தீரு? ஒமக்கே தெரியாதா?"

காலியான மேசை

திற்பரப்பில் பாக்கு வியாபாரம் செய்கிற பெரிய மனுஷர் ஒருவர், முதுகில் ராஜபிளவைக் கட்டியோடு வில்வண்டியில் வந்து இறங்கினார். கீறியாக வேண்டும். மேசையில் குப்புறப் படுக்க வைத்தோம். டாக்டர் ஐயா கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு கண்ணை மூடினார். ஏசுவடியான் அண்ணன் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு கண்ணை மூடினார். நானும் மூடிக்கொண்டு என் பாடத்தை ஒப்பிக்கத் தொடங்கினேன். "கர்த்தாவே, உமக்குச் சித்தமானால் இந்த மனுஷனைப் பிழைக்கப்பண்ணும்" என்ற இடத்துக்கு வந்ததும் மேசை கடகடவென்று ஆடியது. கண்ணைத் திறந்து பார்த்தால் மேசையில் ஆள் இல்லை.

போர்த்தின துணியோடு முற்றம் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார். நானும் பின்னால் ஓடினேன். மேசையில் கிடந்தபடி அவர் தலையைத் திருப்பிப் பார்த்தபோது கண்டது என்ன என்று யோசித்தால் அவர்மேல் தப்பில்லை: மூன்று பேர், மூன்று பேருக்கும் கண் மூடியிருக்கிறது, ஒருவர் கையில் கத்தி. இங்கே எல்லாருக்கும் ஜெபம் உண்டு, சாகப்போகிறவர்களுக்கு மட்டுமல்ல என்று சொல்லிப் பார்த்தேன். மறுநாள், ஜெபத்தின்போது டாக்டர் ஐயா கண்ணைத் திறந்தே வைத்திருப்பார் என்று உறுதி கொடுத்த பிறகுதான் அவர் படுத்தார், பிழைத்தும் போனார். ஆனால் அன்று வண்டிச் சக்கரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அவர் ஒரு கேள்வி போட்டார். நான் யாரிடமோ எதையோ கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதே அதுவரை எனக்கு உறைக்கவில்லை. "வேலை தெரிஞ்ச டாக்டருன்னு சொல்லித்தானே என்னைய இங்க கொண்டுவந்தாவ? தெரிஞ்ச வேலைக்கு எதுக்குவேய் இன்னொருத்தர்ட்ட போயி கெஞ்சுதீரு?"

திரி

எங்கள் கட்டுத்துணி கடையில் வாங்கினதல்ல. சபை ஸ்திரீகள் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்ததும் உட்கார்ந்து, வீட்டுப் பழைய வேட்டிகளைக் கிழித்துச் சுருட்டித் தருவார்கள். கட்டுவோம், அவிழ்ப்போம், அவித்துக் கொடியில் காயப்போட்டு மறுபடியும் கட்டுவோம். மாசி மாதம் மண்டைக்காட்டுப் பகவதி அம்மன் கொடைத் திருவிழா நடக்கிற சமயம், காலையில் கொடியைப் பார்த்தால் நாலைந்து துணியைக் காணவில்லை. தேடிக்கொண்டு சமையல் கொட்டகைப் பக்கம் போனேன். அங்கே, கால் ஒடிந்து மூன்று மாதமாகப் படுத்திருந்த ஒரு நோயாளியின் பெண்சாதி நீலம்மை, எங்கள் துணியைத் தொடையில் வைத்து உருட்டி விளக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சபைக்காரர்கள் கிழித்துக் கொடுத்த துணி பகவதி அம்மன் விளக்கில் எரியப்போகிறது! "இது சீழ் துடைத்த துணியம்மா" என்று கத்தினேன். அதுதான் என் வாயில் முதலில் வந்தது. இரண்டு வருஷமாக அந்தத் துணிக்கு என் மனசில் வேறு பெயரே இல்லை. அவள் கையை நிறுத்தவேயில்லை. "எனக்க மாப்பிளைக்க காலு இந்தத் துணிக்குள்ள இருந்துல்லா வெளைஞ்சு வந்தது. இதவிட நல்ல திரிக்கு நான் எங்க போவேன்?"

என் முறை

அந்த வருஷம் கார்த்திகை மாதம். கிறிஸ்மஸுக்கு ஒரு மாதம்கூட இல்லை. அதற்குள் மனசால் மூட்டை கட்டிவிட்டேன். ஒரு சீழ்க்கட்டியை உடைத்துக் கழுவும்போது அந்த ஊசி என் வலது ஆள்காட்டி விரலில் குத்தியது. துடைத்துப் போட்டுவிட்டேன். மூன்றாம் நாள் கை வீங்கிப்போய், முழங்கையைத் தாண்டி அக்குள் வரைக்கும் ஒரு சிவப்புக் கோடு ஓடியிருந்தது. அந்தக் கோட்டுக்கு அர்த்தம் எனக்கு நன்றாகத் தெரியும். அப்படி வந்தவர்களில் சிலரை நானே துணி போட்டு மூடியிருக்கிறேன்.

"விரலை எடுக்கிறேன். அதோடு நிற்காவிட்டால் கை" என்றார் டாக்டர் ஐயா. மேசையில் படுத்தேன். அவர் கத்தியை எடுத்தார், கண்ணை மூடினார், காத்திருந்தார். கண்ணைத் திறக்காமலே, "செல்லையா, ஜெபம் பண்ணு" என்றார். பழக்கதோஷம்! டிரெசர்தான் மேசையில் கிடக்கிறான் என்பது அவருக்கு அந்த நிமிஷம் மறந்துவிட்டது. அவர் பதறிக் கண்ணைத் திறப்பதற்குள் என் வாய், அதற்கும் பழக்கதோஷம், ஆரம்பித்துவிட்டது. "கர்த்தாவே, இந்த நோயாளிக்கு இரங்கும். டாக்டர் கையை வழிநடத்தும். கட்டுகிற என் கையையும்..." அதற்கு மேல் போக முடியவில்லை. எத்தனை நூறு தடவை சொன்ன வார்த்தை, ஒரு தடவைகூட அந்தக் கையைப் பற்றி நான் நினைத்ததில்லை. பத்துக் கட்டில்காரர்களும் கேட்கும்படி அழுதேன். பயந்துதான் அழுதேன், பக்தி என்று பொய் சொல்லமாட்டேன். "இந்தக் கையை எனக்குத் தாரும் ஆண்டவரே" என்பதைத் தவிர வேறொன்றும் வரவில்லை. கொழும்பு எந்தத் திசையில் இருக்கிறது என்பதுகூட நினைவில் இல்லை. குளோரோபார்ம் துணியை முகத்தருகே பிடித்திருந்த ஏசுவடியான் அண்ணன் குனிந்து சொன்னார்: "நிறுத்தாத டேய். ஒனக்க ஜெபம் இன்னைக்குத்தான் எனக்குக் காதுல விழுது."

இழுத்தவர்

விரல் போயிற்று, கை தங்கியது. என் இடத்துக்கு வேறொரு ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவரை அனுப்பியிருந்தார்கள். நாற்பது வயது, பழகின கை. முதல் நாள் காலை என்னிடம் வந்தார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார், மூச்சைப் பிடித்துக்கொண்டார், காய்ந்து ஒட்டிப்போயிருந்த துணியை ஒரே இழுப்பாக இழுத்தார். உயிர் உச்சந்தலை வழியாகப் போய்த் திரும்பியது. "வெந்நீர் விட்டு நனைத்து எடுக்கக்கூடாதா? மனுஷன்தானா நீர்?" என்று கத்திவிட்டேன்.

அவர் பயந்துபோனார். கெட்டவர் இல்லை, பாவம். புதிய இடம், இங்கே எப்படி வழக்கம் என்று வார்டில் விசாரித்துக்கொண்டுதான் வந்திருக்கிறார். கையில் அந்தத் துணியோடு நின்று, மெய்யாகவே புரியாமல் சொன்னார்: "நீங்க இப்படித்தான் இழுப்பியன்னு பத்துக் கட்டில்லயும் சொன்னாவளே, அண்ணே!"

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அன்று முழுவதும் ஒருவர் முகத்தையும் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வெந்நீர்

கிறிஸ்மஸ் வந்தது, போனது. தூத்துக்குடியிலிருந்து கப்பலும் போனது. தை மாதம் ஒரு காலையில் நாலு விரலோடு மறுபடியும் வேலைக்கு வந்தேன். முதலில் உட்கார்ந்திருந்தவள் கடியபட்டணத்து மீன்காரி ஒருத்தி. குதிகாலில் பழைய புண், என் பழைய இழுப்பையும் அறிந்தவள். என்னைக் கண்டதுமே கண்ணை இறுக்கி மூடி, பெஞ்சுக் காலைப் பிடித்துக்கொண்டாள். நான் வெந்நீரை ஊற்றினேன். காத்திருந்தேன். மறுபடியும் ஊற்றினேன். துணி தானாகக் கழன்று கிண்ணத்தில் விழுந்தது.

அடியில், புண்ணின் ஓரத்தைச் சுற்றி, மெல்லிசாகப் புதுத்தோல் ஏறியிருந்தது. இதை எத்தனையோ காலில் கழுவியிருக்கிறேன், கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். நான் தூங்கும்போதும், கொழும்பை நினைத்துக்கொண்டிருக்கும்போதும், என்னைக் கேட்காமல் ஒருவர் இந்த வேலையைச் செய்துகொண்டே இருந்திருக்கிறார். கழுவிவிடுவது மட்டும்தான் என் பங்கு. உடம்பு சிலிர்த்துவிட்டது. "ஸ்தோத்திரம் ஆண்டவரே!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவள் ஒரு கண்ணைத் திறந்தாள். தன் புண்ணைப் பார்த்தாள், என் முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்த்தாள், திடுக்கிட்டுக் காலை இழுத்துக்கொண்டு உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள்: "டாக்டரய்யா, ஓடி வாருங்க! இவருக்கு வெரல மட்டுந்தானா எடுத்திய?"

இரும்புக் கடையில் ஆணி எடுத்துக் கொடுக்க நாலு விரல் தாராளம், புறப்பட்டு வா என்று அத்தான் கொழும்பிலிருந்து இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார். ஐந்து விரல் இருந்தபோது தெரியாத வேலையை இப்போதுதான் பழகிக்கொண்டிருக்கிறேன், பாதியில் விட்டுவிட்டு எப்படி வருவது என்று நானும் ஏழு வருஷமாக இடது கையால் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.